ஓய்வும் ஒரு கடமையே

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து மக்கள் அலை அலையாக வெளியே வருகின்றனர். தேக்கா நிலைய உணவங்காடியில் உட்கார இடமில்லை. சிராங்கூன் சாலையின் நடைபாதையில் தோள் உரசாமல் நடக்க முடியவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் முன்னே நீண்ட வரிசை. சற்றுத் தள்ளி, ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய புல்வெளியில் சிலர் வட்டமாக அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். ஒருவர் கைப்பேசியைக் காதில் வைத்து, "அம்மா, சாப்பிட்டாச்சா? மருந்து போட்டீங்களா?" என்று கேட்கிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் கைகளைத் தலைக்கு அணையாக வைத்து அயர்ந்து உறங்குகிறார்.

இவர்களில் பலர் நாம் வசிக்கும் அடுக்குமாடி வீடுகளையும் பயணம் செய்யும் ரயில் பாதைகளையும் கட்டுபவர்கள். கப்பல் பட்டறைகளில் வேலை செய்பவர்கள். வாரத்தில் ஆறு நாள் வெயிலிலும் மழையிலும் உழைத்தவர்கள். புல்வெளியில் உறங்கும் அந்த ஊழியரைப் பார்த்து யாரும் சோம்பேறி என்று சொல்லமாட்டார்கள். அந்த உறக்கத்திற்கு அவர் உரியவர் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

அதே பிற்பகலில், நகரின் வேறொரு பகுதியில் உள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்துபாருங்கள். உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருத்தி மேசைமுன் அமர்ந்திருக்கிறாள். காலையில் துணைப்பாட வகுப்பு முடிந்துவிட்டது. ஒரே பத்தியை நான்காவது முறையாகப் படிக்கிறாள். ஒன்றும் மனத்தில் பதியவில்லை. கண்கள் எரிகின்றன. படுக்கலாமா என்று நினைக்கிறாள். உடனே, "மற்றவர்களெல்லாம் படித்துக்கொண்டிருப்பார்களே" என்ற எண்ணம் எழுகிறது. புத்தகத்தை மூடவும் மனமில்லை, படிக்கவும் முடியவில்லை.

ஊழியரின் ஓய்வை இயல்பாக ஏற்கும் நாம், நம்முடைய ஓய்வைப் பற்றி மட்டும் ஏன் குற்ற உணர்வு கொள்கிறோம்?

சட்டம் தந்த ஓய்வு

வார ஓய்வு நாள் தானாகக் கிடைத்ததன்று. உலகின் பல நாடுகளில் தொழிலாளர்கள் நீண்ட காலம் போராடியே வேலை நேரத்திற்கு வரம்பைப் பெற்றனர். சென்னையில் 1923 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆம் நாள் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தைக் கடற்கரையில் நடத்தினார். அந்த நாள் உலகெங்கும் எட்டு மணிநேர வேலை என்னும் கோரிக்கையோடு தொடர்புடையது.

சிங்கப்பூரில் 1968 ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. உடலுழைப்பு ஊழியர்களுக்கும் அச்சட்டப் பிரிவின்கீழ் வரும் பிற ஊழியர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரப்பட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பொதுவாக, இடைவேளையின்றித் தொடர்ந்து ஆறு மணிநேரத்திற்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றும் அது கூறுகிறது.

வீடுகளில் தங்கி வேலை செய்யும் இல்லப் பணிப்பெண்களின் நிலை வேறாக இருந்தது. அவர்களுக்கு வார ஓய்வு நாள் கட்டாயம் என்ற விதி 2013 ஆம் ஆண்டில்தான் நடப்புக்கு வந்தது. பணிப்பெண் சம்மதித்தால் ஓய்வு நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுக்கலாம் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. 2023 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1 ஆம் நாள் முதல் விதி மேலும் மாறியது. மாதத்தில் குறைந்தது ஓர் ஓய்வு நாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது. அந்த நாளைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்த மாற்றத்தில் ஆழமான கருத்து ஒன்று அடங்கியுள்ளது. கூடுதல் பணத்தைப் பெற்றுக்கொண்டு ஓய்வை விட்டுக்கொடுக்க ஒருவர் முன்வரலாம். ஆயினும், பணத்தால் ஈடுசெய்ய முடியாத ஏதோ ஒன்று ஓய்வில் இருக்கிறது. தோழியரைச் சந்திப்பது, கோயிலுக்கோ தேவாலயத்திற்கோ செல்வது, யாருடைய அழைப்புக்கும் ஓடாமல் ஒரு பகல் பொழுதைக் கழிப்பது ஆகியவை அத்தகையவை.

உடல் விடுக்கும் எச்சரிக்கை

கட்டுமானத் தளத்தில் களைப்பு என்பது ஆபத்து. உயரத்தில் நிற்பவர் ஒரு கணம் கவனம் தவறினால் அவருடைய உயிருக்கு மட்டுமின்றி, கீழே நிற்பவரின் உயிருக்கும் கேடு நேரலாம். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இதனால், மனிதவள அமைச்சு 2023 ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிப்புற வேலைகளுக்கான புதிய வெப்பப் பாதுகாப்பு விதிமுறைகளை அறிவித்தது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு 32 டிகிரி செல்சியஸை எட்டினால், கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு ஒவ்வொரு மணிநேரத்திலும் குறைந்தது 10 நிமிட ஓய்வு தரப்பட வேண்டும். 33 டிகிரியை எட்டினால் 15 நிமிடம். இயன்றவரை நிழலில் அமர்ந்து அவர்கள் இளைப்பாற வேண்டும்.

இந்த விதிமுறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊழியர் மயங்கி விழும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அளவுகோல் ஓர் எல்லையைத் தொட்டதுமே ஓய்வு தொடங்கிவிடுகிறது. "நான் இன்னும் தாங்குவேன்" என்ற பிடிவாதத்திற்கு அங்கு இடமில்லை.

படிக்கும் மாணவர்களிடம் அத்தகைய அளவுகோல் இல்லை. ஆனால், உடலும் மனமும் சில அறிகுறிகளைக் காட்டத்தான் செய்கின்றன. படித்த வரியையே மீண்டும் மீண்டும் படிப்பது. தெரிந்த கணக்கில் கூட்டல் கழித்தலில் தவறு செய்வது. தம்பி தங்கையிடம் காரணமின்றி எரிந்து விழுவது. அடிக்கடி தலைவலி வருவது. விரும்பிச் செய்த இணைப்பாட நடவடிக்கையும் சுமையாகத் தெரிவது. விடுமுறை நாளில் நண்பகல்வரை எழ முடியாமல் கிடப்பது. இவற்றில் ஒன்று எப்போதாவது நேர்ந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. பல அறிகுறிகள் ஒருசேரத் தொடர்ந்து வந்தால், உடல் தன் அளவுகோலின் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

ஆய்வுகள் காட்டும் உண்மை

பதின்ம வயதினருக்கு ஓர் இரவில் 8 முதல் 10 மணிநேரத் தூக்கம் தேவை என்று மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். அதைக் குறைத்தால் என்ன ஆகும் என்று டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் சிங்கப்பூரில் ஆராய்ந்தனர். 15 முதல் 19 வயதுக்குட்பட்ட 56 பேர் அந்த ஆய்வில் கலந்துகொண்டனர். ஏழு இரவுகள் ஒரு பிரிவினருக்குப் படுக்கையில் 9 மணிநேரமும் மற்றொரு பிரிவினருக்கு 5 மணிநேரமும் வழங்கப்பட்டன.

5 மணிநேரம் மட்டுமே பெற்றவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. நினைவாற்றலும் மனநிலையும் பாதிக்கப்பட்டன. பிறகு இரண்டு இரவுகள் அவர்களுக்கு 9 மணிநேரம் தரப்பட்டது. அப்போதும் அவர்களுடைய கவனம் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. வாரம் முழுவதும் கண்விழித்துவிட்டு, சனி ஞாயிறில் தூங்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இது காட்டுகிறது.

நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016 ஆம் ஆண்டு ஒரு துணிவான முடிவை எடுத்தது. காலை 7.30 மணிக்குத் தொடங்கிய பள்ளியை 8.15 மணிக்கு மாற்றியது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, பள்ளி நாள்களில் மாணவிகள் படுக்கையில் கழித்த நேரம் சராசரியாக ஏறத்தாழ 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதங்களுக்குப் பிறகும் அந்தக் கூடுதல் நேரம் நீடித்தது, உண்மையான தூக்க நேரமும் ஏறத்தாழ 10 நிமிடம் கூடியிருந்தது. பகல்நேரத் தூக்கக் கலக்கமும் மனநலமும் மேம்பட்ட நிலையிலேயே இருந்தன. பள்ளி 45 நிமிடத்தைக் கொடுத்தது. அதில் எவ்வளவு தூக்கமாக மாறும் என்பது அவரவர் இரவில் எப்போது விளக்கை அணைக்கின்றனர் என்பதைப் பொறுத்தே அமைந்தது.

குற்ற உணர்வு எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூரர்களுக்கு 'கியாசு' என்ற ஹொக்கியன் சொல் நன்கு பழக்கமானது. பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சத்தை அது குறிக்கிறது. நண்பன் மூன்று துணைப்பாட வகுப்புகளுக்குச் சென்றால் நாமும் செல்ல வேண்டும் என்று தோன்றுவதற்கு இந்த அச்சமே காரணம்.

2023 ஆம் ஆண்டுக்குள் தொடக்கப்பள்ளிகளிலும் உயர்நிலைப்பள்ளிகளிலும் எல்லா வகுப்புகளுக்கும் அரையாண்டுத் தேர்வுகளைக் கல்வி அமைச்சு நீக்கியது. மாணவர்களின் சுமையைக் குறைத்து, கற்றலில் நாட்டத்தைக் கூட்டுவதே அதன் நோக்கம். ஆனால், அவ்வாறு கிடைத்த நேரத்தை மேலும் பல பயிற்சித்தாள்களால் நிரப்பினால் மாற்றத்தின் பயன் கைநழுவிவிடும். வெளியே இருக்கும் விதி மாறினாலும், உள்ளே இருக்கும் அச்சம் மாறாவிட்டால் ஓய்வு கிடைக்காது.

வீட்டில் வளர்ந்த விதமும் இதற்கு ஒரு காரணம். தாத்தா பாட்டி காலத்தில் ஓய்வின்றி உழைத்தே பல குடும்பங்கள் முன்னுக்கு வந்தன. உழைப்பைப் போற்றும் மரபும் நமக்கு உண்டு. திருவள்ளுவர் 'மடியின்மை' என்று ஓர் அதிகாரமே வகுத்து, சோம்பல் குடும்பத்தையே கெடுக்கும் என்று எச்சரித்தார். ஆனால், சோம்பலும் ஓய்வும் ஒன்றல்ல. செய்ய வேண்டிய வேலையைத் தட்டிக்கழிப்பது சோம்பல். செய்த வேலையின் களைப்பைப் போக்கி, அடுத்த வேலைக்கு ஆயத்தமாவது ஓய்வு. சோம்பல் வேலைக்கு முன்பே வந்து வழிமறிக்கும். ஓய்வு இரண்டு வேலைகளுக்கு இடையில் வந்து கைகொடுக்கும்.

ஓய்வெடுக்கவும் கற்க வேண்டும்

ஓய்வு என்றதும் பலர் கைப்பேசியைக் கையில் எடுக்கின்றனர். ஐந்து நிமிடம் என்று தொடங்குவது ஒரு மணிநேரமாகிவிடுகிறது. கண்ணுக்கும் மூளைக்கும் வேலை தொடர்வதால் களைப்பு தீர்வதில்லை. நேரத்தை வீணாக்கிவிட்டோமே என்ற வருத்தமும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு மாறாக, எளிய வழிகள் பல உள்ளன. நாற்பது, ஐம்பது நிமிடம் படித்த பின் எழுந்து நடக்கலாம். அடுக்குமாடிக்குக் கீழே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம். பாட்டியோடு அமர்ந்து கீரை ஆயலாம். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதையாவது எந்தப் பாடமும் இல்லாமல் ஒதுக்கி, அதை முன்கூட்டியே கால அட்டவணையில் எழுதிவைக்கலாம். முன்னரே திட்டமிட்ட ஓய்வு குற்ற உணர்வைக் குறைக்கும். ஏனெனில், அது வேலையிலிருந்து திருடிய நேரமன்று, வேலைத் திட்டத்தின் ஒரு பகுதி.

களைப்பாக இருப்பதை வாய்விட்டுச் சொல்வதும் தேவை. "அம்மா, எனக்கு முடியவில்லை. கொஞ்சம் படுத்துவிட்டு வருகிறேன்" என்று சொல்வதில் இழிவு எதுவுமில்லை. ஓய்வெடுத்த பின்னும் பல வாரங்களுக்குச் சோர்வு நீங்காவிட்டால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேச வேண்டும். அது வெறும் களைப்பாக இல்லாமலும் இருக்கலாம்.

ஞாயிறு இரவு. லிட்டில் இந்தியாவின் கூட்டம் மெல்லக் கலைகிறது. காய்கறிப் பைகளோடு ஊழியர்கள் தங்கும் விடுதிகளுக்குப் பேருந்தில் திரும்புகின்றனர். புல்வெளியில் உறங்கியவரும் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடக்கிறார். நாளைக் காலையில் அவர் மீண்டும் உயரமான சாரத்தில் ஏறி நிற்க வேண்டும். அங்கு அவருடைய கைகள் நடுங்காமல் இருக்க இன்றைய உறக்கமும் உதவும்.

சிந்திப்போம்

1. பணிப்பெண்களுக்கு மாதத்தில் ஓர் ஓய்வு நாளையாவது பணத்தால் ஈடுகட்டக்கூடாது என்ற விதியை நீ ஏற்கிறாயா? காரணம் கூறு.
2. சோம்பலுக்கும் ஓய்வுக்கும் உள்ள வேறுபாட்டை உன் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்கு.
3. உனக்கு ஓய்வு தேவை என்பதை உணர்த்தும் அறிகுறிகள் யாவை? அவற்றைக் கண்டதும் நீ என்ன செய்வாய்?