தன்னுணர்வை வகை பிரிக்கலாமா?

ஒருவர் தமது எண்ணம், உணர்ச்சி, தோற்றம் ஆகியவற்றின் மீது தாமே கவனத்தைத் திருப்பும் நிலை உளவியலில் தன்னுணர்வு எனப்படுகின்றது. டுவால், விக்லண்ட் என்னும் இருவர் 1972 இல் இதுபற்றிய கோட்பாட்டை நூலாக வெளியிட்டனர். கண்ணாடியின் முன் இருத்தப்பட்டவர் தம்மை ஓர் இலட்சியத்துடன் ஒப்பிட்டுக் குறைகாணத் தொடங்குவார் என்பது அதன் சாரம். தன்மேற் செல்லும் கவனத்தை அவர்கள் மேலும் கூறுபோடவில்லை.

1975 இல் பெனிக்ஸ்ரைன், ஷையர், பஸ் ஆகிய மூவரும் 23 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தொன்றை உருவாக்கினர். தன் உள்ளத்தைக் கவனிப்பது அகத் தன்னுணர்வு. பிறர் கண்ணுக்குத் தான் எவ்வாறு தெரிகிறேன் எனக் கவனிப்பது புறத் தன்னுணர்வு. மூன்றாவது சமூகப் பதகளிப்பு. கேட்பதற்குத் தெளிவான பிரிப்புத்தான்.

தமையனுடன் கோபித்துப் பேசிவிட்ட ஒருவர் இரவு நித்திரையின்றி அதனையே நினைப்பதாகக் கொள்வோம். தன் கோபத்தை ஆராய்கிறார், ஆகவே அகம். வீட்டார் என்ன நினைத்திருப்பார்களோ என்று கூசுகிறார், ஆகவே புறம். ஆனால் அவருக்கோ இரண்டும் ஒரே வேதனை. மூத்தவரைக் கோபிப்பது பிழை என்ற எண்ணமே பெற்றோரிடமும் ஊராரிடமும் கற்றதல்லவா? அகம் எங்கே முடிகின்றது, புறம் எங்கே தொடங்குகின்றது? விக்லண்டும் கோல்விற்சரும் 1987 இல் இப்பிரிவினையே தவறானது என எழுதினர்.

அதற்கு முன்னரே, 1984 இல், பேர்ண்கிரான்ட், பேஜ் ஆகியோர் அகப் பிரிவின் கூற்றுகள் இரண்டாகப் பிளவுபடுவதைக் காட்டியிருந்தனர்: தன்னையே எண்ணிக்கொண்டிருத்தல் ஒன்று, உள்நிலையை உணர்ந்திருத்தல் மற்றொன்று. வகை பிரித்த இடத்தில் வகை நிற்கவில்லை.

இதனிலும் பாரதூரமான சிக்கல் ஒன்றுண்டு. அகத் தன்னுணர்வில் உயர்ந்த புள்ளி பெற்றோர் தம்மைப்பற்றி நன்கு அறிந்தவர்களாகவும், அதேவேளை கூடிய மனத்துயர் உடையவர்களாகவும் காணப்பட்டனர். தன்னை அறிபவரும் தன்னை அரிப்பவரும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டிருந்தனர். ட்ரப்னெல், கம்பெல் ஆகியோர் 1999 இல் இப்புதிரை ஆராய்ந்து, எதனைப் பார்க்கிறோம் என்பதைவிட எதனால் தூண்டப்பட்டுப் பார்க்கிறோம் என்பதே முக்கியம் என்றனர். அச்சம், இழப்பு, அநீதி ஆகியவற்றால் எழுவது அசைபோடல். அறியும் ஆவலால் எழுவது சிந்தித்தல். துயருற்றவரிடம் "உம்மை நீரே ஆராய்ந்து பாரும்" எனக் கூறும் ஆலோசகர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம். ஏற்கனவே இரவிரவாக ஆராய்ந்து களைத்தவராகவும் அவர் இருக்கலாம்.

ஆயினும் இவ்விரு வகைகளும் வினாக்கொத்தாலேயே அளக்கப்படுகின்றன. அசைபோடுபவர் தாம் சிந்திப்பதாகவே நம்பினால், தாளில் அவ்வாறே அடையாளமிடுவார். வினாக்கொத்தும் அதனையே பதிந்துகொள்ளும்.