பாபிலோன் தந்த அறுபது

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்)



போன வருஷம் சர்வே பிராக்டிகலில் நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. ஐந்து முனைகள் கொண்ட மூடிய டிராவர்ஸ். வெர்னியர் தியோடலைட்டில் ரீடிங் எல்லாம் ஒழுங்காகத்தான் எடுத்தோம். உள்கோணங்களின் கூட்டுத்தொகை 540 டிகிரி வந்துவிட்டது. ஆனால் லாட்டிடியூட், டிபார்ச்சர் கணக்குப் போட்டால் டிராவர்ஸ் மூடவே இல்லை. மதியம் முழுக்கத் தேடிய பிறகுதான் தெரிந்தது. ஒரு கோட்டின் பேரிங் 112 டிகிரி 40 நிமிடம். அதை நான் கால்குலேட்டரில் 112.40 என்று அடித்திருந்தேன்!

40 நிமிடம் என்பது 0.40 டிகிரி அல்ல, 0.6667 டிகிரி. வித்தியாசம் 16 நிமிடம். 100 மீட்டர் கோட்டில் இந்த 16 நிமிடம் முனையைச் சுமார் 46 சென்டிமீட்டர் தள்ளிவிடும். அது வீட்டு மனையாக இருந்தால் அடுத்தவர் இடத்தில் சுவர் எழும்பியிருக்கும். "எதுக்குடா இந்த அறுபது? நூறுன்னு வெச்சிருக்கக் கூடாதா?" என்று எரிச்சலில் புலம்பினேன். "அதை பாபிலோன்காரன்கிட்டதான் கேக்கணும்" என்றார் சார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே நூலகத்துக்குப் போய்விட்டேன்.

பாபிலோன் இன்றைய ஈராக்கில், பாக்தாத்துக்குத் தெற்கே யூப்ரடீஸ் நதிக்கரையில் இருந்த நகரம். இன்று இடிபாடுகள்தான் மிச்சம். 2019-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த மண்ணில் கல் அரிது, களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. அதனால் வீட்டையும் மண்ணில் கட்டினார்கள், எழுதுவதையும் மண்ணில் எழுதினார்கள். ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் ஆப்பு வடிவத்தில் அழுத்தி எழுதுவார்கள். காகிதமாக இருந்திருந்தால் என்றோ மக்கிப் போயிருக்கும். களிமண் என்பதால் நாலாயிரம் வருஷம் கழித்தும் அவர்களுடைய கணக்கு நம் கையில் இருக்கிறது.

அறுபதை அடிப்படையாக வைத்து எண்ணும் முறை அவர்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்த சுமேரியர்களிடம் இருந்தது. அதை முழுமையான இடமதிப்பு முறையாகப் பயன்படுத்திக் காட்டியவர்கள் பாபிலோனியர்கள். அறுபதை 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 ஆகிய எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். நூறை மூன்றால் வகுத்தால் 33.333 என்று முடிவில்லாமல் ஓடும். அறுபதை வகுத்தால் 20, அவ்வளவுதான். நிலத்தையும் தானியத்தையும் கூலியையும் பங்கு பிரிப்பவனுக்கு இது எவ்வளவு சௌகரியம்! வகுத்தலைக்கூட அவர்கள் நேராகச் செய்யவில்லை. எட்டால் வகுக்க வேண்டுமா? எட்டில் ஒரு பங்கு என்பது அறுபதில் ஏழரைப் பங்கு. அதற்கான வாய்ப்பாட்டைப் பார்த்துப் பெருக்கிவிடுவார்கள். நாம் லாக் டேபிள் புரட்டுவது மாதிரிதான். ஒரு குறை, ஆரம்பத்தில் அவர்களிடம் பூஜ்யத்துக்குக் குறி கிடையாது. எழுதியது 1-ஆ 60-ஆ என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் காலியிடத்துக்கு ஒரு குறி வந்தது.

இந்த அறுபது நம்மிடம் வந்த வழி நீளமானது. பாபிலோன் வானியலாளர்கள் வட்டத்தை 360 பாகமாகப் பிரித்தார்கள். கிரேக்கர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி தன் வானியல் நூல் முழுவதையும் இந்த முறையில்தான் எழுதினார். பிற்பாடு லத்தீனில், டிகிரியின் 'முதல் சிறு பகுதி' என்று சொன்னதிலிருந்து மினிட் வந்தது. 'இரண்டாவது' சிறு பகுதியிலிருந்து செகண்ட் வந்தது. (ஒரு நாளுக்கு 24 மணி என்பது மட்டும் எகிப்தியர்களிடமிருந்து வந்தது. அந்தப் பெருமையை பாபிலோனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்!)

என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு வட்டமான மண் பலகை. உள்ளங்கையில் அடங்கும் அளவு. கி.மு. 1800-க்கும் 1600-க்கும் இடைப்பட்டது. அதில் ஒரு சதுரமும் இரண்டு மூலைவிட்டங்களும் வரைந்திருக்கின்றன. பக்கத்தின் மேல் 30, மூலைவிட்டத்தின் மேல் 1, 24, 51, 10. அறுபது முறையில் இதைப் பிரித்துப் போட்டேன். 24-ஐ 60-ஆல், 51-ஐ 3600-ஆல், 10-ஐ 2,16,000-ஆல் வகுத்து, ஒன்றோடு கூட்டினால் 1.41421296. நம் கால்குலேட்டர் சொல்லும் ரூட் 2 மதிப்பு 1.41421356. ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் மூலைவிட்டம் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது! இந்தப் பலகையின் வடிவத்தையும் எழுத்தையும் பார்த்தால், எழுதியது ஒரு மாணவன்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆம் நண்பர்களே, நம்மைப் போல ஹோம் ஒர்க் செய்த ஒருவன்.

பித்தாகரஸ் தேற்றத்தை பித்தாகரஸ் பிறப்பதற்கு ஆயிரம் வருஷம் முன்பே அவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஈராக்கில் சிப்பார் என்ற ஊரில் 1894-ல் தோண்டி எடுத்து, இப்போது இஸ்தான்புல்லில் இருக்கும் ஒரு பலகை, வயல் விற்பனைக்கான சர்வே பிளான். 2021-ல் ஆஸ்திரேலியக் கணித அறிஞர் டேனியல் மான்ஸ்ஃபீல்டு அதை ஆராய்ந்தார். எல்லைக்கோடுகளைச் சரியான செங்கோணத்தில் போட 5, 12, 13 போன்ற எண்களை அந்தச் சர்வேயர் பயன்படுத்தியிருக்கிறார் என்று விளக்கினார்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் கொத்தனார். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். ஆனால் அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும்போது ஒரு பக்கம் மூணு அடி, மறுபக்கம் நாலு அடி குறித்து, குறுக்கே அஞ்சு அடி வருகிறதா என்று பார்த்துத்தான் மூலை பிடிப்பார். அதற்குத் தேற்றம் என்று ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது.

அன்று ராத்திரி அவருக்கு ஹமுராபியின் சட்டத்தைப் படித்துக் காட்டினேன். கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட மன்னர் அவர். அவருடைய சட்டங்கள் செதுக்கிய கருங்கல் தூண் இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் வீடு கட்டுபவருக்கே தனிச் சட்டங்கள் உண்டு. 229-ஆவது சட்டம்: கட்டிய வீடு உறுதியில்லாமல் இடிந்து வீட்டுக்காரர் செத்தால், கட்டியவருக்கு மரண தண்டனை. அடுத்தது இன்னும் கொடுமை. வீட்டுக்காரரின் மகன் செத்தால், கட்டியவரின் மகனைக் கொல்ல வேண்டும்!

அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. அவர் கட்டிய சுவருக்கு நான் எப்படிப் பொறுப்பு? ஆனால் 233-ஆவது சட்டம், சுவர் சாய்ந்தால் கட்டியவர் தன் சொந்தச் செலவில் பலப்படுத்தித் தர வேண்டும் என்கிறது. இன்றைய கான்ட்ராக்டில் வரும் டிஃபெக்ட் லயபிலிட்டி பீரியடுக்கு இதைப் பாட்டன் என்று சொன்னால் தப்பில்லை.

அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "அந்தக் காலத்துல செங்கல்லு யாருப்பா வாங்கிக் குடுத்தது? வீட்டுக்காரரா, மேஸ்திரியா?"

வீடு கட்டுவதைப் பற்றிய 228 முதல் 233 வரையிலான சட்டங்களை மறுபடி படித்துப் பார்த்தேன். கூலி எவ்வளவு என்றுகூட எழுதியிருக்கிறார்கள். செங்கல் யாருடையது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.