அரிக்கேன் பருவமும் கடல்வெப்பமும்

எம் கல்லூரிப் பழைய மாணவருட் பலர் அரிக்கன் லாம்பின் ஒளியிற் பாடம் படித்தவர். காற்றடிப்பினும் சுடர் அணையாத அவ்விளக்குக்குப் பெயரீந்த அரிக்கேன் என்னுஞ் சொல், மேற்கிந்திய தீவுகளின் ஆதிக்குடிகளது மொழியிற் பிறந்து, இசுப்பானியர் வாயிலாக ஆங்கிலத்திற் புகுந்து, ஈற்றில் நம் வீட்டு விறாந்தையில் வந்து தொங்கியது. அத்திலாந்திக் சமுத்திரத்திலே அரிக்கேன் எனப்படுவதே வங்காள விரிகுடாவிற் சூறாவளி எனப்படுவது. சைக்கிளோன் என்ற ஆங்கிலப் பெயரைக் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பார் 1848 ஆம் ஆண்டளவில், பாம்பின் சுருளையுங் குறிக்குங் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கினார். நம் முன்னோர் வழங்கிய சூறை என்னுஞ் சொல்லோ சுழல்காற்றையும் கொள்ளையையும் ஒருங்கே குறிப்பது. இரண்டையுங் கண்டவர்க்கே அதன் பொருத்தம் நன்கு விளங்கும். தமிழாசிரியராகிய எமக்கு வளிமண்டல ஆராய்ச்சியில் என்ன அலுவல் என வினவுவார் உளராயின், சொல்லைத் துருவிச் சென்ற வழியிலே பொருளும் அகப்பட்டது என்பதே எம் விடை.

அத்திலாந்திக் அரிக்கேன் பருவம் யூன் 1 இல் தொடங்கி நவம்பர் 30 இல் முடிவதாகக் கொள்ளப்படும். அதன் உச்சம் செப்டெம்பர் 10 ஐ அடுத்த நாட்களாகும். வடகோளத்தில் ஞாயிறு உச்சம் பெறுவது யூன் 21 இலன்றோ? அங்ஙனமாகப் புயலின் உச்சம் மூன்று மாதம் பிந்துவது ஏன்? கலியாண வீட்டுக் கிடாரத்து நீர் அடுப்பு மூட்டியவுடன் கொதிப்பதில்லை. கடலும் அத்தகையதே. தரை விரைந்து சூடேறி விரைந்து தணியும். கடல் மெல்லச் சூடேறி மெல்லத் தணியும். வேனிலில் வாங்கிய வெப்பம் முழுவதும் கடலிற் சேர்ந்து நிற்குங் காலம் ஓகஸ்ட் இறுதியும் செப்டெம்பருமே. புயலுக்கு இரை அவ்வெப்பமே என்பதற்கு இக்காலப் பொருத்தமே முதற் சான்று.

அவ்விரை புயலைச் சேரும் வழியைச் சிறிது நின்று நோக்குவோம். ஒரு கிராம் கடல்நீர் ஆவியாதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் அழிவதில்லை, ஆவியினுள் மறைந்து கிடக்கிறது. ஆவி மேலெழுந்து குளிர்ந்து முகிலாக ஒடுங்கும்போது மறைந்திருந்த வெப்பம் வெளிப்பட்டுச் சூழவுள்ள வளியைச் சூடாக்கும். சூடேறிய வளி மேலும் எழும். கீழே அமுக்கம் குறையும். குறைந்த இடத்தை நோக்கி நாற்றிசையினின்றும் ஈரக்காற்று விரையும். புவிச்சுழற்சி அக்காற்றைத் திருப்பிச் சுழலச் செய்யும். புவிமத்தியகோட்டையடுத்து இத்திருப்பும் ஆற்றல் மிகக் குறைவாதலின், அதற்கு ஐந்து பாகைக்குள்ளே புயல் பிறத்தல் அரிது.

எத்துணை வெப்பம் வேண்டும்? பின்லாந்து நாட்டு அறிஞர் எரிக் பல்மேன் 1948 இல், மேற்பரப்பு நீரின் வெப்பநிலை 26 அல்லது 27 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட கடல்களிலேயே இப்புயல்கள் தோன்றுகின்றன எனக் காட்டினார். இக்காலத்தார் 26.5 பாகை என்னும் எண்ணை வழங்குவர். மேற்பரப்பு மட்டும் சூடாயிருத்தல் போதாது என்பது மாணவர் பெரும்பாலும் மறக்குஞ் செய்தி. புயற்காற்று கடலைக் கலக்கிக் கீழிருக்குங் குளிர்நீரை மேலே கொணரும். வெந்நீர்ப்படை மெல்லியதாயின் புயல் தன் அடுப்பைத் தானே அணைத்துவிடும். ஆகவே ஏறத்தாழ ஐம்பது மீற்றர் ஆழம்வரையேனும் வெப்பம் இருத்தல் வேண்டும். 2005 ஓகஸ்டில் கத்ரீனா என்ற புயல் புளோரிடாவைக் கடந்து மெக்சிக்கோக் குடாவிலுள்ள ஆழ்ந்த வெந்நீரோட்டத்தின் மேற் சென்றபோது வலிமை மிக்கு, 28 ஆந் திகதி 902 மில்லிபார் வரை அமுக்கங் குறைந்து, ஐந்தாந் தரத்தை எய்தியது. மறுநாள் நியூ ஓர்லியன்ஸ் நகருக்கு நேர்ந்த அழிவை உலகறியும்.

புயலைத் தொடர்ந்து அவதானிக்கும் முறைகளின் வரலாறு ஒரு கல்லூரியிலே சிறந்து தொடங்குகிறது என்பதை இம்மலரிற் கூறுதல் பொருத்தமே. கியூபாவின் ஹவானா நகரத்துப் பெலென் கல்லூரி அவதான நிலையத்தை 1870 தொடக்கம் 1893 இல் மறையும்வரை நடத்தியவர் பெனிற்றோ வீனெஸ் என்னும் யேசுசபைத் துறவி. உயர்ந்த கீற்று முகில்கள் எத்திசையினின்று விரிகின்றன என நோக்கியே, கண்ணுக்கெட்டாத புயலின் மையத்தை அவர் மதிப்பிட்டார். 1875 செப்டெம்பர் 11 இல் அவர் வெளியிட்ட எச்சரிக்கை அரிக்கேன் பற்றிய முதல் முன்னறிவித்தல்களுள் ஒன்று. அவர் வழிவந்த கியூப அவதானிகள் 1900 இலே ஒரு புயல் மெக்சிக்கோக் குடாவை நோக்குகிறது எனக் கருதினர். வாசிங்டன் அலுவலர் அதனை ஏற்றிலர். அது வடகிழக்கே திரும்பும் என்றனர். கியூபாவிலிருந்து வரும் புயற்றந்திகளையும் தடுத்திருந்தனர். செப்டெம்பர் 8 இல் அப்புயல் ரெக்சஸ் மாநிலத்துக் கல்வெஸ்ரன் நகரை அழித்தது. இறந்தோர் ஆறாயிரவருக்குக் குறையார். எண்ணாயிரவர் என்பதே பெருவழக்கான கணக்கு. சிறிய நாட்டார் கூறுவதைப் பெரிய நாட்டார் கேளாமை புதிதன்று எனினும், அதன் விலை இத்துணைத் தெளிவாக எழுதப்பட்ட இடம் அரிது.

பின்னர் 1943 யூலை 27 இல் யோசெப் டக்வேர்த் என்ற விமானி, பயிற்சி விமானமொன்றிற் புயலின் கண்ணுக்குள்ளேயே பறந்து மீண்டார். தம் விமானத்தை எள்ளி நகையாடியவர்க்கு விடையிறுத்தலும் அவர் நோக்கங்களுள் ஒன்று என்பர். 1960 இல் முதல் வானிலைச் செய்மதி ஏறியது. கடல்வெப்பத்தை அறிதற்கோ முற்காலக் கப்பலோட்டிகள் வாளியில் நீர் மொண்டு வெப்பமானியை இட்டுப் பார்த்தனர். இன்று செய்மதிகளும் மிதவைகளும், 2000 மீற்றர் ஆழம் சென்று பத்து நாளுக்கொருமுறை மேலெழுந்து செய்தி தருங் கருவிகளும் உள.

ஒரு பருவத்தின் உக்கிரத்தை எவ்வாறு அளப்பது? புயல்களை எண்ணினாற் போதாதா எனில், போதாது. ஒருநாள் வாழ்ந்து மடிந்த சிறு புயலும், பத்து நாள் கடலை ஆண்ட பெரும் புயலும் எண்ணிக்கையில் ஒன்றே. ஆதலின் ஆறு மணிக்கொருமுறை புயற்காற்றின் உச்ச வேகத்தைக் கடல்மைல் அளவில் எடுத்து, வர்க்கித்து, பதினாயிரத்தால் வகுத்துக் கூட்டுவர். மணிக்கு 50 கடல்மைல் வேகத்தில் ஒருநாள் வீசும் புயல் 1 அலகு பெறும். 100 கடல்மைல் வேகத்தில் வீசுவது 4 அலகு பெறும். மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்க. 2020 இல் 30 புயல்கள் பெயர் பெற்றன; அவற்றின் கூட்டுத்தொகை 180 அளவே. 2004 இற் பெயர் பெற்றவை 15 மட்டுமே. தொகையோ ஏறத்தாழ 227. அவற்றுள் ஐவன் என்ற ஒன்றே 70 அளவைத் தனியே ஈட்டியது.

கெரி இமானுவேல் என்ற அமெரிக்க அறிஞர் 2005 இல் வெளியிட்ட ஆராய்ச்சி, 1970 களின் நடுப்பகுதி தொடக்கம் அத்திலாந்திக் புயல்களின் ஆற்றலும் அக்கடலின் வெப்பமும் உடனேறி உடனிறங்குவதைக் காட்டிற்று. ஆயினும் கடல்வெப்பம் ஒன்றே யாவற்றையும் ஆள்வதன்று. வில்லியம் கிறே என்பார் 1984 தொடக்கம் கொலராடோவிலிருந்து பருவ முன்னறிவித்தல் வெளியிட்டார். பசிபிக்கின் கிழக்கில் வெந்நீர் பரவும் எல் நினோ ஆண்டுகளில், அத்திலாந்திக்கின் மேல்வளியும் கீழ்வளியும் மாறுபட்டோடிப் புயலின் தூணைச் சாய்த்துவிடுகின்றன என அவர் கண்டார். 2023 இற் கடல் என்றுமில்லா வெப்பம் கொண்டிருந்தது. எல் நினோவும் எழுந்தது. இரண்டும் எதிரெதிரே இழுத்தன. ஈற்றில் 20 புயல்கள் பெயர் பெற்றன. 2013 இலோ மிகுபுயல் வருமென அறிஞர் கூற, அரிக்கேன் ஆனவை இரண்டே. அறிஞரை இகழ்தற்கு இதனைக் கூறினோமல்லேம். வறண்ட வளி தடுத்ததை அவர் பின்னர் ஆராய்ந்து கூறினர். 1992 இற் பருவம் மந்தமானதே. ஓகஸ்டில் வந்த அன்ட்ரூ என்னும் ஒரே புயல் தென்புளோரிடாவைத் தரைமட்டமாக்கியது. அவ்வூரார்க்கு அது மந்தமான ஆண்டா?

பழைய பட்டியல்களை ஒப்பிடுவோரும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 1851 தொடக்கம் பதிவுகள் உளவெனினும், செய்மதிக்கு முன் நடுக்கடலில் எக்கப்பலும் காணாது மடிந்த புயல்கள் பட்டியலில் இல்லை. எனவே எண்ணிக்கை பெருகிற்று என எளிதிற் கூறலாகாது. உறுதியாகக் கூறத்தக்கது வேறு: வளி ஒரு பாகை சூடேறின் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான ஆவியைத் தாங்கவல்லது; ஆகவே புயல் கொணரும் மழை மிகும்.

இவ்வுண்மை நம் கடலுக்கும் உரியது. 1964 டிசெம்பரில் மன்னாரையும் தனுஷ்கோடியையும் தாக்கிய புயலையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலையும் முதியோர் காற்றினாலேயே நினைவுகூர்வர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவின் காற்று அவற்றுக்கு ஈடன்று. ஆயினும் அதன் மழையால் மலைநாடு சரிந்தது, ஆறுகள் கரை புரண்டன. மேலே வகுத்துக் கூட்டிய கணக்கில் மழைக்கு இடமில்லை. காற்றின் தரத்தை மட்டும் வானொலியிற் கேட்டு, இது சிறு புயலே என்று இருந்துவிட்ட வீடுகள் அத்திலாந்திக் கரையிலும் உண்டு, நம் கரையிலும் உண்டு.