நாள்பட்ட தானியத்தில் சத்து குறைவது ஏன்?

அறுவடையான தானியத்துக்கும் உயிர் உண்டு. குதிரில் கிடக்கும் நெல்லும் சாக்கில் கட்டிய உளுந்தும் மூச்சு விடுகின்றன. ஈரம் மிகுந்தால் மூச்சும் மிகுந்து, சூடு உண்டாகி, பூசணம் பிடிக்கும்.

நன்கு காய்ந்த தானியத்தில் ஓராண்டு கழிந்தாலும் மாவுச்சத்தும் புரதமும் அளவில் பெரிதும் குறைவதில்லை. குறைபவை வைட்டமின்களே. நெல்லில் வைட்டமின் 'பி1' முளையிலும் தவிட்டிலும்தான் அதிகம். உமி மூடியிருக்கும் வரை இவை ஓரளவு பத்திரமாக இருக்கும். ஆகவே, நீண்ட நாள் வைக்க வேண்டியது நெல்லையே தவிர, அரிசியை அல்ல.

கம்பில் கொழுப்பு சுமார் 5 சதவிகிதம். முழுத் தானியமாக மாதக்கணக்கில் இருக்கும் கம்பு, மாவாக்கினால் சில நாட்களிலேயே சிக்கு வாடை அடித்துக் கசக்கிறது. கூழைக் குழந்தைகள் ஒதுக்கினால் கம்பைக் குறை சொல்கிறார்கள். குறை கம்பில் இல்லை. மாவை வைத்திருந்த நாட்களில் இருக்கிறது. அவ்வப்போது தேவைக்கு அரைப்பதே நல்லது.

பயறு வகைகளுக்குத்தான் தொல்லை அதிகம். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டு விடுகிறது. வீட்டுக்கு வந்து சில வாரங்கள் சென்ற பின்னரே துளை கண்ணில் படும். வண்டு தின்றது போக மிஞ்சியதிலும் அதன் கழிவு கலந்திருக்கும். உடைத்த பருப்பில் இவ்வண்டின் சேதம் குறைவு. துவரையை உடைத்து வைக்கும் நம் பெண்மணிகளின் வழக்கம் இவ்வகையில் மிகச் சரியானதே. வண்டு விழாவிட்டாலும், வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நாள்பட்ட பயறு எளிதில் வேகாது. வேக வைக்க ஆப்ப சோடா சேர்த்தால் எஞ்சிய 'பி1' சத்தும் அழியும்.

நிலக்கடலையில் சத்துக் குறைவு மட்டுமல்ல, நஞ்சும் சேரக்கூடும். ஈரக் கடலையில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சினை உண்டாக்குகிறது. கல்லீரலைக் கெடுக்கும் இந்நஞ்சு வறுத்தாலும் வேக வைத்தாலும் முற்றிலும் நீங்காது. பூசணம் பிடித்த பருப்பைக் கறவை மாட்டுக்கும் போடலாகாது. பாலிலும் நஞ்சின் கூறு வந்து சேரும்.

நெல்லை நீண்ட நாள் வைக்க ஈரப்பதம் 12 சதவிகிதத்துக்கும், கடலைக் காயை வைக்க 8 சதவிகிதத்துக்கும் மிகக் கூடாது. கருவி இல்லாதவர்கள், உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் நெல்லுடன் சிறிது காய்ந்த தூள் உப்பைப் போட்டுக் குலுக்கிச் சில நிமிடம் வைக்கலாம். உப்பு புட்டியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவிகிதத்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். ஒட்டாவிட்டாலும், நீண்ட நாள் சேமிப்புக்கு மேலும் இரண்டொரு வெயில் காட்ட வேண்டும். காய்ந்த தானியத்தைச் சூடு ஆறிய பின்னரே மூட்டை கட்ட வேண்டும்.