விளையாட்டு வாட்ச்: செயற்கைக்கோள் கூடினால் துல்லியம் கூடுமா?

கேள்வி: விளையாட்டு வாட்ச்சில் ஜிபிஎஸ்ஸுடன் குளோனாஸ், கலிலியோ, பெய்டோ ஆகிய செயற்கைக்கோள் அமைப்புகளையும் சேர்த்தால் ஓட்டத் தூரம் துல்லியமாகப் பதிவாகுமா?
– வாசகர், கொடும்பாளூர்

பதில்: வானம் மறைபடும் இடத்தில் துல்லியம் கூடும், திறந்த வெளியில் வேறுபாடு சிறிதே.

இருப்பிடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் வேண்டும். மூன்று, இடத்தின் மூன்று அளவுகளுக்கு. நான்காவது, வாட்ச்சின் நேரப் பிழையை நீக்க. அவை வானில் பரவலாக அமைந்தால் பிழை குறையும். கொடும்பாளூர் மூவர் கோயிலைச் சுற்றியுள்ளது போன்ற திறந்த வெளியில் ஜிபிஎஸ் மட்டுமே பெரும்பாலும் 4-க்கு மேற்பட்ட செயற்கைக்கோள்களைத் தந்துவிடும். சென்னையின் உயர்ந்த கட்டடங்களுக்கிடையிலோ அடர்ந்த மரங்களின் கீழோ பல சிக்னல்கள் மறைபடும். அங்கே கூடுதல் அமைப்புகள் கைகொடுக்கும்.

ஆனால் சுவரில் மோதித் திரும்பும் சிக்னலின் பிழையை எண்ணிக்கை மட்டும் தீர்க்காது. அதற்கு எல்1, எல்5 என இரு அலைவரிசைகளையும் ஏற்கும் வாட்ச்சே ஏற்றது. எல்5-இன் குறியீடு பழைய எல்1 குறியீட்டைவிட 10 மடங்கு வேகமானது. அதனால் நேர்சிக்னலையும் எதிரொலித்ததையும் எளிதில் பிரித்தறியலாம். அயனி மண்டலம் உண்டாக்கும் தாமதத்தையும் இரு அலைவரிசைகளை ஒப்பிட்டுத் திருத்தலாம். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் அயனி மண்டலப் பாதிப்பு மிகுதி என்பதால், அதன் அருகிலுள்ள தென்தமிழகத்துக்கு இந்தத் திருத்தம் முக்கியம்.

இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்பான நாவிக்கும் அலைவரிசையைப் பொறுத்ததே. அது தொடக்கத்தில் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டுமே இயங்கியதால், எல்1 மட்டும் ஏற்கும் கருவிகளுக்கு எட்டவில்லை. 2023 மே 29-இல் ஏவப்பட்ட நாவிக் செயற்கைக்கோள் என்விஎஸ்-01 எல்1-ஐயும் சேர்த்தது.

அமைப்புகள் கூடக்கூட பேட்டரி விரைவில் தீரும். திறந்த சாலையில் ஜிபிஎஸ் போதும். நகரிலும் காட்டிலும் எல்லாவற்றையும் இயக்குவது நல்லது.