சான்றிதழின் சின்ன எழுத்துகள்

அன்புள்ள தங்கைக்கு,

சிவில் முடித்த கையோடு உன்னைப் பசுமைச் சான்றிதழ் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள், சைட் பக்கமே போக முடியவில்லை என்று குறைபட்டிருந்தாய். லீட், கிரிஹா, ஐ.ஜி.பி.சி., இ.பி.டி. என்று எழுத்துகளாக வந்து விழுகின்றன, எது சட்டம் எது விளம்பரம் என்றே தெரியவில்லை என்றும் கேட்டிருந்தாய்.

லீட், கிரிஹா, ஐ.ஜி.பி.சி. மூன்றும் கட்டடங்களுக்கான பசுமை மதிப்பீட்டு முறைகள். பெரும்பாலும் கட்டுகிறவர் விரும்பிப் போவது. 2007இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட ஈ.சி.பி.சி. என்ற கட்டட ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு அப்படியல்ல, மாநில அரசு அறிவித்துவிட்டால் அது விதி. வீடுகளுக்கு 2018இல் எக்கோ நிவாஸ் சம்ஹிதா வந்தது. சென்னை போன்ற ஊரில் சுவரும் ஜன்னலும் உள்ளே விடும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி கேட்கும் கிளையண்டிடம் ‘பசுமை’ பற்றிப் பேசாதே, இந்த 15ஐக் காட்டு.

லீடில் மொத்தம் 110 புள்ளி. 40 எடுத்தால் சான்றிதழ், 80 எடுத்தால் பிளாட்டினம். சான்றிதழ்ப் பலகையைப் பார்ப்பதைவிட அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று பார். விற்பனைப் பிரசுரத்தில் மின்னுவது பல நேரம் வரைபடத்தை வைத்துக் கொடுத்த முன்சான்றிதழ்தான். கட்டி முடித்த கட்டடத்தை யாரும் அப்போது பார்த்திருக்க மாட்டார்கள். அதேபோல, செங்கல் விற்க வருகிறவர் ஐ.எஸ்.ஓ. 14001 காகிதத்தை நீட்டினால் வாங்கி வைத்துக்கொள். அவருடைய ஆலையில் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கு ஒரு முறை இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. செங்கல்லைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது.

பொருளைப் பற்றிப் பேசுவது இ.பி.டி. ஐ.எஸ்.ஓ. 14025 வழியில், வெளியார் ஒருவர் சரிபார்த்த, அந்தப் பொருளின் சுற்றுச்சூழல் பாதிப்புக் கணக்கு. அதைக் கையில் எடுத்ததும் கார்பன் எண்ணுக்கு ஓடாதே. எந்த அலகுக்கு, எந்த எல்லைவரை, எந்தத் தேதிவரை என்று முதலில் பார். ஏ.ஏ.சி. பிளாக் அதே அளவுள்ள செங்கல்லில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எடைதான். இரண்டையும் கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகலாம். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு எவ்வளவு என்று கேள். பிறகு எல்லை. ஏ1 முதல் ஏ3 வரை என்றிருந்தால் கணக்கு ஆலை வாசலோடு நின்றுவிட்டது. லாரி ஏ4. சைட்டில் நடப்பது ஏ5. கட்டடம் வாழும் காலம் பி. இடிப்பது சி.

இந்த வாசல்தான் நான் சொல்ல வந்த விஷயம். சிமென்ட்டை எடுத்துக்கொள். கிளிங்கர் சுடும்போது வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக் கல்லே விடுவது. ஆலை முழுக்கச் சோலார் போட்டாலும் அது குறையாது. கிளிங்கரைத்தான் குறைக்க வேண்டும். அதற்கு வழி கலப்பு சிமென்ட். பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல் கலக்க ஐ.எஸ். 1489 இடம் தருகிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் சேரும் எல்.சி.3க்கு 2023இல் ஐ.எஸ். 18189 வந்தது. வாசல்வரை கணக்குப் போட்டால் இவை நிச்சயம் நல்லவை.

வாசலுக்கு வெளியே வா. சாம்பல் மெதுவாகத்தான் வினை புரியும், அதற்கு ஈரம் வேண்டும். ஐ.எஸ். 456, சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாள் கியூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது, கேட்கிறது; வெயிலும் வறட்சியும் இருந்தால் 10, 14. நம் சைட்டுகளில் தூணில் சுற்றிய ஈரச் சாக்கை நான்காம் நாளே உருவிவிடுவார்கள். டேங்கர் தண்ணீர் விலைக்கு மேஸ்திரியை மட்டும் குறை சொல்ல முடியாது, கியூரிங்குக்கென்று அவருக்கு யாரும் தனியாகப் பணம் தருவதில்லை. காய்ந்துபோன மேல்தோல் வழியே காற்றும், கடற்கரைச் சாலைப் பக்கமென்றால் உப்பும் கம்பிக்குப் போய்ச் சேரும், கம்பி துருப்பிடிக்கும். 60 ஆண்டு நிற்க வேண்டியதை 30இல் இடித்துத் திரும்பக் கட்டினால், சாம்பல் கலந்து மிச்சம் பிடித்த கார்பன் எத்தனை மடங்காகத் திரும்பி வரும் என்று நீயே போட்டுப் பார். இ.பி.டி.க்கு இது தெரியாது. கட்டடத்தின் சான்றிதழ்ப் பலகைக்கும் தெரியாது.

ஆகவே சைட்டுக்குப் போக முடியவில்லை என்று உட்கார்ந்திருக்காதே. உன் வேலைக்குத்தான் சைட் தேவை என்று மேலாளரிடம் கேள். அடுத்த டெண்டரில் கலப்பு சிமென்ட் என்று எழுதும் இடத்திலேயே கியூரிங்கைத் தனி ஐட்டமாகப் போடு. சாக்கு, தண்ணீர், ஆள்கூலி, எத்தனை நாள் எல்லாம் அதில் இருக்கட்டும். தூணில் கான்கிரீட் போட்ட தேதியைச் சுண்ணக்கட்டியால் எழுதச் சொல். பில் வரும்போது அந்தத் தேதியைப் பார்த்துப் பணத்துக்குக் கையெழுத்துப் போடு.

அன்புடன்,
அக்கா