மன்னிக்க ஐயாயிரம் ரூபாய்

கண்ணை மூடி, பழைய வலியை மனக்கண்ணில் ஓட்டிக் கரைக்கும் வகுப்புகள் இப்போது ஊருக்கு ஊர் நடக்கின்றன. பாய், ஊதுபத்தி, புல்லாங்குழல், மூச்சை இழுத்து விடு, கால்விரலிலிருந்து தளர்த்திக்கொண்டே வா. இதெல்லாம் எங்கே போனாலும் ஒன்றுதான், யூடியூபிலேயே கற்றுக்கொள்ளலாம். அடுத்தது என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

நான் ஐயாயிரம் கட்டிய வகுப்பில், பயிற்சியாளர் எடுத்த எடுப்பிலேயே, "உங்களை அதிகம் காயப்படுத்தியவரை எதிரே நிறுத்துங்கள். மன்னித்து அணைத்துக்கொள்ளுங்கள்" என்றார். உங்களுக்கும் அப்படி ஓர் ஆள் வீட்டுக்குள்ளேயே இருப்பார். எனக்கு அண்ணன். அப்பா ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தபோது அவர் கட்டைவிரலில் மை தடவி உயிலில் அழுத்தியவர். பிளாஸ்க்கோடு வாசலில் நின்ற எனக்கு வாய் எழவில்லை. அவரையா அணைப்பது? கைகால் உதற, மூச்சு முட்டியது. "அழுக்கு வெளியேறுகிறது, கண்ணைத் திறக்காதீர்கள்" என்று மைக்கில் சொன்னார் அந்த மனிதர். போதாததற்கு, இதன் வேர் சிறுவயதில் இருக்கிறது, தோண்டுங்கள் என்றார். தோண்டினால் இல்லாததும் கிடைக்கும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட கட்டுக்கதையை 24 பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் தங்கள் நினைவாகவே ஏற்றார்கள். என் அண்ணன் செய்தது போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஆஸ்பத்திரி பினாயில் வாடை மூக்கை விட்டுப் போகவில்லை. தூக்கம் போயிற்று. அதைச் சரிசெய்தவர் அரசு மருத்துவமனையில் இருந்த உளவியலாளர் அம்மா ஒருவர். பீஸ் கிடையாது. அவர் அப்பா பேச்சையே முதலில் எடுக்கவில்லை. திரும்பி வர ஓர் இடம் வேண்டும் என்றார். கிணற்றடித் துவைகல்லை எடுத்துக்கொண்டேன்: அதன் சூடு, சோப்பு வாசம், வாளிச் சத்தம். நினைத்த மாத்திரத்தில் அங்கே வந்துவிடப் பழகிய பிறகு, பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி சில்லறை வலிகள். அண்ணன் கடைசியில்தான். கண்ணைத் திறந்தபடியே செய்யலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

இமேஜரி ரீஸ்கிரிப்டிங் என்கிற அந்த முறையில் நடந்ததை அழிப்பதில்லை. இன்றைய நீங்கள் அந்தக் காட்சிக்குள் நுழைந்து, அன்று செய்ய முடியாததைச் செய்கிறீர்கள். நான் மை டப்பாவைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன். அப்பா கையைத் துடைத்துவிட்டேன். அண்ணனை வெளியே போகச் சொன்னேன், போனார். மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை, வராமலே பாரம் இறங்கியது. கோர்ட்டில் வழக்கும் நடக்கிறது, வாய்தாவுக்குத் தவறாமல் போகிறேன். மன்னித்தால்தான் மனசு ஆறும் என்பவர்கள் உயிலில் பறிபோன அந்த வீட்டை எழுதிக் கொடுக்கட்டும்.

மனதில் படமே விழாதவர்களும் உண்டு. ஆடம் ஜெமன் என்ற நரம்பியல் மருத்துவர் 2015இல் அதற்கு அஃபன்டேசியா என்று பெயர் வைத்தார். உங்களுக்கு அப்படியென்றால் வகுப்பில் "எதிர்ப்புக் காட்டுகிறீர்கள்" என்பார்கள். காதில் வாங்காதீர்கள், சத்தத்தையும் வாசனையையும் பிடித்துக்கொள்ளுங்கள். உதறலோ தூக்கமின்மையோ வந்தால் அதற்கு மேல் தனியாகச் செய்யாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள்.